பின்பக்கம் பிடித்தவர்

கண்ணாடி தூக்குகிறவர்களுக்கு வாய்தான் மூன்றாவது கை. ஆளுயரக் கண்ணாடியை இரண்டு பேர் தூக்கிக்கொண்டு போவதைப் பார்த்திருப்பீர்கள். முன்னால் போகிறவருக்குத் தரை தெரியும். பின்னால் வருகிறவருக்குக் கண்ணாடியும் தன் கையும்தான் தெரியும். அதனால் முன்னவர் சொல்லிக்கொண்டே போவார். "படி" என்பார். "நிலை" என்பார். "திருப்பம்" என்பார். பின்னவர் ஒவ்வொன்றுக்கும் "ஆச்சு" என்று சொல்ல வேண்டும். அந்த "ஆச்சு" காதில் விழுந்த பிறகுதான் முன்னவர் அடுத்த காலை எடுத்து வைப்பார். கேட்காமல் எடுத்து வைத்தவர்கள் சிலர் இன்றைக்கு எட்டு விரலோடு, ஒன்பது விரலோடு நடமாடுகிறார்கள்.

அந்தத் தெருவில் இருந்த கண்ணாடிக்கடையில் அண்ணன் தம்பி இரண்டு பேர். இருபத்திரண்டு வருஷமாகச் சேர்ந்து தூக்குகிறார்கள். அண்ணன் முன்னால், தம்பி பின்னால். ஏன் அப்படி என்று இருவரும் யோசித்ததில்லை. அவர் அண்ணன், அதனால் முன்னால். தெருவில் அண்ணனைக் கண்ணாடிக்காரர் என்பார்கள். தம்பியைத் தம்பி என்றே எல்லோரும் கூப்பிடுவார்கள், அவரைவிட வயதில் சின்னவர்கள் உட்பட.

கடை என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. கம்பளி விரித்த நீள மேசை ஒன்று. கம்பளி பச்சையாக இருந்த காலம் உண்டு. சுவரோரம் சாய்த்து அடுக்கிய கண்ணாடித் தகடுகள், ஒவ்வொன்றுக்கும் நடுவே பழைய செய்தித்தாள். பின்கட்டில் தம்பியின் சாணைக்கல். கண்ணாடிக்காரர் கட்டர் முனையை மண்ணெண்ணெயில் தொட்டு, அளவுகோல் ஓரமாக ஒரே மூச்சில் இழுப்பார். துணி கிழிவதைப் போல ஒரு சத்தம் வரும். இழுத்த கோட்டின் மேல் மறுபடி இழுக்கக் கூடாது. இழுத்தால் வேறு எங்கோ விரிசல் ஓடும். கோடு விழுந்ததும் தகட்டை மேசை விளிம்புக்கு நகர்த்தி ஒரு அழுத்து. அவ்வளவுதான். தம்பி அதை வாங்கிப் போய்க் கல்லில் ஓரம் தேய்ப்பார். கல் ஓடும்போது பக்கத்தில் நிற்பவர் பேசுவதுகூடக் கேட்காது. அதனாலேயே வெளியே போகக் கூடாத பேச்சுகளை அண்ணனும் தம்பியும் கல் ஓடும்போதுதான் பேசிக்கொள்வார்கள், ஒருவர் காதில் ஒருவர் வாயை வைத்து.

கண்ணாடிக்காரருக்குப் பிள்ளை இல்லை. மனைவி ஒரு மழைக்காலத்தில், நான்கே நாள் காய்ச்சலில் போய்விட்டாள். முதல் சில வாரம் வீடு நிறைய ஆள் இருந்தது. பிறகு அவரவர் வேலை அவரவருக்கு. அதில் யாரைக் குறை சொல்ல? ஆனால் ஒன்று பாருங்கள், வீட்டில் வைத்த பொருள் வைத்த இடத்திலேயே இருந்தது. காலையில் சீப்பை எப்படிப் போட்டுவிட்டுப் போனாரோ, சாயங்காலம் அதே சாய்வில் கிடந்தது. அழுகையைக்கூட அவர் தாங்கினார். இந்தச் சீப்பைத் தாங்க முடியவில்லை.

தம்பி வீடு இரண்டு தெரு தள்ளி, ஒரு குடியிருப்பின் இரண்டாவது மாடியில். தம்பி மனைவி துணி தைப்பவள். ராத்திரிச் சாப்பாட்டுக்கு இங்கேயே வந்துவிடுங்கள் மாமா என்று அவள் சொன்னாள். அவளுடைய ஊர்ப் பழக்கத்தில் கணவனின் அண்ணன் மாமாதான். அவரும் போனார். ஆனால் இரண்டே அறை. தையல் மிஷினை நகர்த்தினால்தான் மூன்றாவது தட்டுக்கு இடம். அவர் வந்தால் புருஷனும் பெண்டாட்டியும் சிரிப்பைக் குறைத்துக்கொள்கிறார்கள் என்று அவருக்குப் பட்டது. துக்கக்காரர் முன்னால் எப்படிச் சிரிப்பது என்று அவர்கள் நினைத்திருக்கலாம். வயிறு சரியில்லை என்று சொல்லி நின்றுவிட்டார்.

அந்த நேரத்தில்தான் தபால்காரர் வந்தார். புதிதாக வந்தவர் இல்லை, பத்து வருஷமாகக் கடிதம் கொடுக்கிறவர்தான். அன்றைக்கு ஏதோ அலுவலகத்திலிருந்து கண்ணாடிக்காரரின் மனைவி பெயருக்கு ஓர் உறை. அப்படிப்பட்ட உறையின் மேல் 'இறந்துவிட்டார்' என்று எழுதித் திருப்பி அனுப்ப வேண்டும், அதுதான் முறை. பேனாவைத் திறந்த தபால்காரர் எழுதவில்லை.

"இந்த ஒரு வார்த்தைய எழுதறதுக்கு முன்னாடி கொஞ்ச நேரம் உக்காந்துக்கறேன். தப்பா நினைக்காதீங்க" என்றார்.

உட்கார்ந்தார். அரைமணி நேரம் இருந்திருப்பார். அவள் எப்படிச் சமைப்பாள், எதற்குக் கோபப்படுவாள் என்றெல்லாம் கேட்டார். மூன்று மாதமாக இந்தக் கேள்விகளை ஒருவரும் கேட்டதில்லை. மறுநாள் கடிதம் ஒன்றும் இல்லாமலே வந்தார். அதற்கு மறுநாள் காய்கறிக்கடைக்காரரையும் கூட்டிக்கொண்டு வந்தார். அடுத்த வாரம் நான்கு பேர். ஆளுக்கொரு பாத்திரம் கொண்டுவந்து, அவர் வீட்டிலேயே உட்கார்ந்து, அவரோடு சாப்பிட்டார்கள். யாரோ உப்பு ஜாடியை மாற்றி வைத்துவிட்டுப் போனார். மறுநாள் காலையில் கண்ணாடிக்காரர் அதைத் தேடிக் கண்டுபிடித்து, மாற்றி வைத்த இடத்திலேயே விட்டுவிட்டார்.

அவர்கள் தங்களை வட்டம் என்று சொல்லிக்கொண்டார்கள். பழைய அச்சகம் ஒன்றின் மாடியில் கூடுவார்கள். முப்பத்திரண்டு நாற்காலி, வட்டமாக. வட்டத்தில் மூலை கிடையாது, அதனால் மூலையில் உட்காருகிறவனும் கிடையாது என்று தலைவர் சொல்வார். அவர் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார், குரலை உயர்த்தியே பேசாதவர். பிறப்பால் வரும் சொந்தம் தற்செயல், நாமே தேடிப் பிடித்த சொந்தம்தான் சொந்தம் என்பது அவருடைய கொள்கை. அதனால் வட்டத்துக்குள் அண்ணன் இல்லை, தம்பி இல்லை, ஐயா இல்லை. எழுபது வயதுக்காரரும் இருபது வயதுக்காரரும் ஒருவரை ஒருவர் 'துணை' என்றுதான் கூப்பிட வேண்டும்.

விதி மூன்று. ஒருவரும் தனியாகச் சாப்பிட வேண்டாம். ஒருவரும் எதையும் ஒளிக்க வேண்டாம். விட்டுப் போனவரோடு ஒரு சொல்லும் வேண்டாம். மூன்றாவது விதியை முதல் நாள் அவரிடம் யாரும் சொல்லவில்லை. வேண்டுமென்றே மறைத்தார்கள் என்றும் சொல்ல முடியாது. பசியோடு வந்து உட்கார்ந்தவனிடம் பாத்திரம் கழுவுகிற பேச்சை யார் எடுப்பார்கள்?

அவருக்கென்று கோப்பை ஒன்று வந்தது, அடியில் கட்டர் படம் வரைந்தது. பிறகு கூடத்துச் சாவி வந்தது. நாற்காலி போடுவது அவர் பொறுப்பு. முப்பத்திரண்டு நாற்காலியையும் அங்குலம் பிசகாமல் போடுவார், அளந்து வெட்டிப் பழகிய கை இல்லையா. மனைவியின் தங்கை மகள் கல்யாணம் வட்டம் கூடுகிற நாளில் வந்தது. போக வேண்டாம் என்று ஒருவரும் சொல்லவில்லை. போகிறீர்களா துணை என்று தபால்காரர் கேட்டுவிட்டு, அவருடைய நாற்காலியை ஒரு தடவை பார்த்தார். அவ்வளவுதான். இவர் போகவில்லை. போகாததற்காக அன்றைக்கு எழுந்து நின்று கட்டிக்கொண்டார்கள். அந்தக் கட்டிக்கொள்ளல் இரண்டு நாள் உடம்பில் நின்றது.

தம்பி வட்டத்தில் சேர்ந்தது அண்ணனுக்காக. எட்டு மாதம் இருந்தார். அவருக்கு எல்லாம் சரிப்பட்டது, அந்த ஒரு வார்த்தையைத் தவிர. "துணை, அந்த நாற்காலிய இப்பிடித் தள்ளுங்க" என்று சொந்த அண்ணனிடம் சொல்ல வாயெடுப்பார், சிரிப்பு வந்துவிடும். கடைக்கு வந்த பிறகும் கிண்டல் செய்வார்: "துணை, டீ சொல்லட்டுமா? துணைக்குச் சர்க்கரை எத்தன?" கண்ணாடிக்காரரும் சிரித்துவிட்டு, அங்கே போய்ச் சிரிக்காதேடா என்பார்.

மாதத்துக்கு ஒருநாள் 'திறப்பு' என்று ஒன்று நடக்கும். ஒளிக்க வேண்டாம் என்ற விதிக்கு அதுதான் நடைமுறை. மனதில் கிடப்பதை எழுந்து நின்று சொல்ல வேண்டும். சொல்லி அழுகிறவரை எல்லோரும் வந்து கட்டிக்கொள்வார்கள். கண்ணாடிக்காரர் தன் மனைவி செத்த கதையை மூன்று தடவை சொல்லியிருந்தார். முதல் தடவை கூடமே அழுதது. மூன்றாவது தடவை ஒருவர் கடிகாரத்தைப் பார்த்தார். அன்றைய திறப்பில் அவர் முறை வந்தபோது சொல்ல ஒன்றும் இல்லை. முப்பத்தொரு முகங்கள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தன. அந்தப் பார்வை எங்கே விலகிவிடுமோ என்று பயமாக இருந்தது.

"என் தம்பி..." என்று ஆரம்பித்தார்.

கல் ஓடும்போது தம்பி காதில் சொன்னது அது. கல்யாணமாகி ஒன்பது வருஷம், குழந்தை இல்லை. டாக்டர் பரிசோதித்துவிட்டுக் குறை தம்பியிடம்தான் என்று சொல்லிவிட்டார். தம்பிக்கும் அவர் மனைவிக்கும் அண்ணனுக்கும் தவிர வேறு யாருக்கும் தெரியாது. அதை எடுத்துக் கூடத்தின் நடுவில் வைத்தார். சொல்லச் சொல்ல உண்மையாகவே அழுகை வந்தது. தம்பி ஏழு நாற்காலி தள்ளி உட்கார்ந்திருந்தார். எல்லோரும் எழுந்து போய்த் தம்பியைக் கட்டிக்கொண்டார்கள். தம்பி கையைத் தொங்கவிட்டபடி மரம் மாதிரி நின்றார். பிறகு கதவைப் பார்த்து நடந்தார்.

போகிறீர்களா துணை, போனால் என்ன ஆகும் என்று தெரியுமில்லையா என்று தலைவர் மெதுவாகக் கேட்டார்.

"துணையும் வேணாம், ஒண்ணும் வேணாம். அங்க நிக்கறவர் எனக்கு அண்ணன். அது போதும்னு இருந்தேன்" என்று சொல்லிவிட்டுத் தம்பி இறங்கிப் போனார்.

மறுநாள் வழக்கமான நேரத்துக்குக் கடைக்கு வந்தார். சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, மேசைக்கு எதிரில் வந்து நின்று ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"ஏண்ணே சொன்னே?"

கண்ணாடிக்காரர் குனிந்து கட்டரை மண்ணெண்ணெயில் தொட்டு, கோடு இழுத்தார். ஒரு சொல்லும் வேண்டாம் என்பது விதி. கேட்காதவர் மாதிரி இருந்தார். உள்ளே வேறு கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்: மூன்று மாதம் பேசாமல் இருந்தால் தம்பி ஏங்கிப்போய்த் திரும்பி வந்துவிடுவான், எல்லோரும் அப்படித்தான் வருகிறார்கள் என்று தபால்காரர் சொல்லியிருந்தார். தம்பியை இழுத்து வருகிற கயிறு என்றே அந்த மௌனத்தை நம்பினார். நம்பாமல் அப்படி ஒரு காரியத்தை யாரால் செய்ய முடியும்?

ஆனால் கண்ணாடிக்கு விதி தெரியாதே. தூக்கித்தான் ஆக வேண்டும், வாய் திறந்துதான் தூக்க வேண்டும். முதல் தகட்டைத் தூக்கும்போது அண்ணன் வழக்கப்படி முன்னால் நின்றார், "படி" வரவில்லை. தம்பி ஒரு நிமிஷம் பார்த்தார். தகட்டை இறக்கி வைத்துவிட்டு, சுற்றி வந்து முன்பக்கத்தைப் பிடித்தார். அன்றிலிருந்து தம்பி முன்னால், அண்ணன் பின்னால். தம்பி சொல்லிக்கொண்டு போவார். பதிலுக்கு "ஆச்சு" வராதே, அதற்கு என்ன செய்வது? கண்ணாடிக்காரர் கையுறையின் கட்டைவிரல் நுனியைக் கத்தரியால் வெட்டி எடுத்தார். நகத்தால் கண்ணாடியை ஒரு தட்டு. அது "ஆச்சு". பேசவும் இல்லை, விரலும் தப்பியது. பத்து வாரம் இப்படியே ஓடியது. தம்பியின் குரலைப் பின்னாலிருந்து கேட்டுக்கொண்டு நடப்பது அவருக்குப் புதிதாக இருந்தது. "மெதுவா, இங்க ஈரம்" என்பார் தம்பி. "அண்ணே, தலைக்கு மேல விளக்கு" என்பார். ஒரு நாளில் அவரோடு பேசுகிற பேச்சு அவ்வளவுதான். ஆனாலும் அதற்காக அவர் வேலை வரட்டும் என்று காத்திருந்தார்.

இதற்குள் தம்பி மனைவிக்குத் தெருவில் நடக்க முடியாமல் போயிற்று. காய்கறிக்கடைக்காரர் வட்டத்தில் கேட்டதைத் தன் வீட்டில் சொல்ல, அது தைக்க வருகிற பெண்களிடம் வந்து சேர்ந்தது. அளவு கொடுக்க வந்த ஒருத்தி, கையைத் தூக்கிக்கொண்டு நின்றபடியே, உனக்கென்ன வயசா ஆகிவிட்டது, வேறு வாழ்க்கை பார்த்துக்கொள் என்று புத்தி சொன்னாளாம். டேப்பை உருவிக்கொண்டு அவளை வெளியே அனுப்பியவள், அன்றைக்கே தன் அண்ணனுக்கு எழுதிவிட்டாள். அவருக்கு வேறு ஊரில் கண்ணாடி வியாபாரம். மாதக் கடைசியில் அங்கே போய்விடுவது என்று முடிவாயிற்று. நாட்டியப் பள்ளிக்கு மாட்ட வேண்டிய பெரிய கண்ணாடிதான் கடைசி வேலை என்று தம்பி கடைச் சுவரைப் பார்த்துச் சொன்னார். கண்ணாடிக்காரர் சுவருக்குப் பக்கத்தில்தான் நின்றிருந்தார்.

அந்த வேலைக்கு முந்தைய நாள் தபால்காரர் கடைக்கு வந்தார். தம்பி இல்லாத நேரம். மேசை மேல் கிடந்த கையுறையை எடுத்து, வெட்டிய கட்டைவிரலுக்குள் தன் விரலை விட்டுப் பார்த்தார்.

"தட்டறதும் பேச்சுதான் துணை."

"விரல் போயிடும்."

"புரியுது. எனக்குப் புரியாதா? நான் என் அக்காகிட்ட ஆறு வருஷமாப் பேசல. தெருவுல எதிர்ல வந்தா அந்தப் பக்கம் கடிதம் இல்லாத வீட்டுக்கும் போய் நிப்பேன்." தபால்காரரின் கண் கலங்கியது. பொய்க் கண்ணீர் இல்லை. "உங்களுக்காகத்தான் சொல்றேன். ஞாயித்துக்கெழமை உங்கள வாசல் துணையா ஆக்கப்போறாங்க. புதுசா வர்றவங்கள நீங்கதான் கை பிடிச்சு உள்ள கூட்டிட்டு வரணும். தட்டறாருன்னு நாலு பேர் பேசற மாதிரி வேணாம்."

"அவன் ஊரை விட்டே போறான்."

"போகட்டும். உங்களுக்குத்தான் நாங்க இருக்கோமே."

கண்ணாடிக்காரர் தலையாட்டினார். அவர் போன பிறகு புதுக் கையுறை ஒரு ஜோடி எடுத்து வைத்தார்.

நாட்டியப் பள்ளி மூன்றாவது மாடியில். கண்ணாடி ஏழடிக்கு ஐந்தடி, லிஃப்டில் நுழையாது. வாசலில் இருந்த காவலாளியும் வட்டத்தைச் சேர்ந்தவர்தான். கண்ணாடிக்காரரைப் பார்த்து வாங்க துணை என்றார். தம்பி வெறும் காற்றோ என்னவோ என்பது போலக் காவலாளி அவரைத் தாண்டிப் பார்த்துக்கொண்டார். கதவைப் பிடித்துக்கொண்டு, பின்னாலேயே படியேறி வந்தார்.

முதல் மாடி வரை நேர்ப் படி. தம்பி "படி, படி" என்று எண்ணிக்கொண்டே போனார். நேர்ப் படிக்குப் பதில் இல்லாமலும் சமாளிக்கலாம், கையில் இழுவை தெரியும். தட்டு வரவில்லை என்பதை அவர் கவனித்தாரா என்று தெரியவில்லை. இரண்டாவது மாடிக்குப் போகிற திருப்பத்தில் நின்றார்.

"திருப்பம். வலது பக்கம் சுவரு. நான் மேல் படியில இருக்கேன்."

கண்ணாடிக்காரரின் கட்டைவிரல் புதுக் கையுறைக்குள் அப்படியே இருந்தது.

"அண்ணே, திருப்பம்."

கண்ணாடியின் முகம் பின்னால் பிடித்தவர் பக்கம் திரும்பியிருந்தது. கண்ணாடிக்காரருக்குத் தன் முகம் ஒரு சாண் தூரத்தில் தெரிந்தது. ஆயிரம் கண்ணாடி விற்றவர், தன் முகத்தை இவ்வளவு கிட்டத்தில், இவ்வளவு நேரம் பார்த்ததில்லை. வாயை இறுக்கிக்கொண்டு நிற்கிற ஒரு கிழவன். பின்னால் காவலாளியின் மூச்சு கேட்டது.

தம்பி காலை எடுக்கவில்லை. கைகள் நடுங்கத் தொடங்கின. அந்த நடுக்கம் கண்ணாடி வழியாக இந்தக் கைக்கு வந்தது.

"இன்னிக்குத் தட்டவும் இல்லையா?" குரல் உயரவே இல்லை. "சரி. இறக்கி வச்சுட்டுப் போயிடறேன்னா, இந்தப் படியில வைக்க இடமில்ல. நீ இழுக்கறியா, நிக்கறியான்னு தெரியாம நான் திரும்ப முடியாது. என் கை இன்னும் கொஞ்ச நேரம்தான் தாங்கும். நீ எதையாவது ஒண்ண சொல்லு."

ஞாயிற்றுக்கிழமை அவர் நினைவுக்கு வந்தது. வாசலில் நிற்பது, கை பிடித்துக் கூட்டி வருவது, முப்பத்திரண்டு நாற்காலி. அதெல்லாம் நிஜமாகவே இனிப்பாகத்தான் இருந்தது. கண்ணாடி நடுங்கிக்கொண்டே இருந்தது.

"ஆச்சு" என்றார் கண்ணாடிக்காரர். பத்து வாரம் தம்பியோடு பேசாத தொண்டை. சொல் பாதி காற்றாக வந்தது. அதனால் இன்னொரு தடவை சொன்னார். "ஆச்சுடா. திரும்பு. நான் பிடிச்சிருக்கேன்."

திரும்பினார்கள். பின்னால் செருப்புச் சத்தம் ஒவ்வொரு படியாக இறங்கிப் போனது. காவலாளி அவரை விட்டுவிட்டுப் போய்விட்டார்.

கண்ணாடியை மாட்டி, மட்டம் பார்த்து, திருகு முடுக்கி முடிக்க மத்தியானம் ஆயிற்று. அந்த நேரம் முழுவதும் பேசினார்கள்: இடது பக்கம் ஒரு நூல் ஏற்று, பிடி, விடு. கீழே இறங்கியதும் கண்ணாடிக்காரர் எதையோ சொல்ல வந்தார். தம்பி கையுறையைக் கழற்றிக்கொண்டே, அவரைப் பார்க்காமல் சொன்னார்:

"வேலைக்குப் பேசினே. வேலைக்கு அது போதும்ணே."

அன்று சாயங்காலம், வழக்கமாகச் சாப்பிட வருகிற நேரத்துக்கே வட்டத்திலிருந்து நான்கு பேர் வந்தார்கள். தபால்காரர், காய்கறிக்கடைக்காரர், காவலாளி, தலைவர். கண்ணாடிக்காரர் கதவைத் திறந்து வாங்க என்றார். யாரும் பதில் சொல்லவில்லை. உள்ளே வந்து நின்றார்கள். எதற்கு வந்திருக்கிறார்கள் என்று அவருக்குத் தெரியும். முன்பு ஒருமுறை வேறு ஒருவர் வீட்டுக்கு அவரும் இப்படி வந்து நின்றிருக்கிறார். சாவியை எடுத்து மேசையில் வைத்தார். கோப்பையைக் கழுவித் துடைத்து வைத்தார். பிறகு, வந்தவர்களை எப்படிச் சும்மா அனுப்புவது, டீ போட்டு நான்கு கோப்பையில் ஊற்றி வைத்தார். அவர்களுக்குச் சர்க்கரை எவ்வளவு என்று அவருக்கு அத்துப்படி. தலைவருக்கு வேண்டாம், காவலாளிக்கு மூன்று.

ஒருவரும் தொடவில்லை. டீயின் மேல் ஆடை படிந்தது. காய்கறிக்கடைக்காரர் பழக்கதோஷத்தில் மேசையில் சிந்தியிருந்ததைத் துடைத்தார்; துடைத்த பிறகு, செய்தது சரியா தவறா என்று தெரியாமல் தலைவரைப் பார்த்தார். தபால்காரர் சுவரைப் பார்த்தபடி அழுதுகொண்டிருந்தார். எழுந்து போய்த் தோளைத் தொடலாம் போல இருந்தது கண்ணாடிக்காரருக்கு. தொட்டால் அவர் விலகுவார், அதைப் பார்க்க முடியாது என்று தொடவில்லை. சாவியையும் கோப்பையையும் எடுத்துக்கொண்டு போனார்கள். கதவைச் சாத்தும்போதுகூடச் சத்தம் வராமல் சாத்தினார்கள், நல்ல மனிதர்கள்.

நான்கு டீயையும் அவர் கொட்டவில்லை. ஒவ்வொன்றாகக் குடித்தார். ஆறிப்போன டீ, ஒன்று சர்க்கரை இல்லாதது, ஒன்று தித்திப்பு தாங்காதது. குடித்துவிட்டு உட்கார்ந்திருந்தபோது, பத்து வாரம் தம்பி இப்படித்தான் கடைக்கு வந்து போயிருக்கிறான் என்று தோன்றியது. ஒரு நாள்கூடத் தாமதமாக வரவில்லையே அவன்.

மறுநாள் கடை விடுமுறை. மத்தியானத்துக்கு மேல் தம்பி வீட்டு மாடி ஏறினார். கதவைத் தட்டிவிட்டு இரண்டு அடி தள்ளி நின்றார். திறந்தது தம்பி மனைவி. அவளுக்குப் பின்னால் அறையில் பெட்டிகள் கயிறு கட்டி நின்றன. மிஷின் போர்வை சுற்றி ஓரமாக இருந்தது. நான்கு நாற்காலிகளை ஒன்றன்மேல் ஒன்று கவிழ்த்துக் கட்டியிருந்தார்கள். தம்பி உள்ளறையில் இருப்பது தெரிந்தது. ஆணி பிடுங்குகிற சத்தம் வந்து, நின்றது.

அவள் ஒன்றும் பேசவில்லை. அவளுக்கு எந்த விதியும் கிடையாது, பேசாமல் இருக்க அவளிடம் காரணம் இருந்தது.

"அவன் ஒரு கேள்வி கேட்டான். பத்து வாரமாச்சு. பதில் சொல்ல வந்தேன்" என்றார்.

அவள் கதவைப் பிடித்தபடியே நின்றாள்.

"எனக்குச் சொல்றதுக்கு ஒண்ணும் இல்லம்மா அன்னிக்கு. என் கதைய எல்லாம் சொல்லி முடிச்சுட்டேன். எல்லாரும் என்னையே பாத்துட்டு இருந்தாங்க. பாக்கறத விட்டுடுவாங்களோன்னு இருந்துச்சு. கையில எது இருந்துச்சோ அத எடுத்துக் கொடுத்துட்டேன். அது என்னோடது இல்ல, உங்களோடது. தம்பி மேல பாசத்துலதான் சொன்னேன்னு இவ்வளவு நாளா எனக்கு நானே சொல்லிட்டு இருந்தேன். பாசம் இல்ல. அவங்களுக்கு என்னப் பிடிக்கணும், அவ்வளவுதான்."

அவள் வெகுநேரம் அவர் காலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னைப் பத்தித் தெருவே பேசிச்சு மாமா. நான் துணி கொடுக்கப் போற வீட்ல எல்லாம் என்ன உக்கார வச்சுப் பாவம்னாங்க. அவரு ஒரு வார்த்த உங்கள விட்டுக் கொடுக்கல. எனக்கு அதுதான் எரிச்சல்." மூச்சு வாங்கினாள். "உள்ள வாங்கன்னு என்னால இப்ப சொல்ல முடியாது."

"வேணாம்மா. சொல்லிட்டுப் போகத்தான் வந்தேன்."

"போகவும் சொல்லலயே நான்."

அவள் உள்ளே போனாள். அடுக்கிக் கட்டியிருந்த நாற்காலிகளின் முடிச்சோடு போராடுவது தெரிந்தது. முடிச்சு இறுகியிருந்தது, பல்லால் கடித்து இழுத்தாள். கயிறு நெகிழ்ந்து விழுந்தது. மேலே இருந்த நாற்காலியை எடுத்து வந்து, வாசலுக்கு வெளியே, நடைவழியில் சுவரோரமாகப் போட்டாள். முந்தானையால் ஒரு துடை. பிறகு திரும்பிப் போய்விட்டாள். கதவு பாதி சாத்தியிருந்தது.

கண்ணாடிக்காரர் உட்கார்ந்தார். எவ்வளவு நேரம் உட்காருவது என்று அவருக்குத் தெரியவில்லை. உள்ளே இரண்டு குரல்கள், தாழ்வாக, ஒன்று மாற்றி ஒன்று. என்ன பேசுகிறார்கள் என்று கேட்கவில்லை, கேட்கவும் அவர் முயற்சி செய்யவில்லை. கையை முழங்காலில் வைத்துக்கொண்டு எதிர்ச் சுவரில் உரிந்திருந்த சுண்ணாம்பைப் பார்த்தபடி இருந்தார்.

மேல்மாடிக்காரி ஒருத்தி இரண்டு கையிலும் பையோடு படியேறி வந்தாள். நடைவழியை அடைத்துக்கொண்டு ஒரு பெரிய மனிதர் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து நின்றாள். அவர் காலை உள்ளே இழுத்துக்கொண்டார். யாரைப் பார்க்க வந்தீர்கள் என்று கேட்டாள்.

"தம்பி வீட்டுக்கு வந்தேன்."

அவள் பாதி திறந்த கதவைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள்.

"வெளிய உக்காந்திருக்கீங்களே, உள்ள யாரும் இல்லயா?"

"இருக்காங்க" என்றார் கண்ணாடிக்காரர்.